150 சிசியும் ஸ்போர்ட்ஸ் பைக்தான்

யமஹா ஆர்15 இந்தியச் சந்தைக்கு வந்தது 2008-ல். அன்றிலிருந்து அந்த வண்டியைப் பற்றி ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது: 150 சிசியில் என்ன ஸ்போர்ட்ஸ் பைக்? மெக்கானிக் கடையில் கேட்கிறார்கள், டீக்கடையில் கேட்கிறார்கள், மகன் வண்டி வேண்டுமென்று நிற்கும் வீடுகளில் அப்பாக்கள் கேட்கிறார்கள், பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தோடு கேட்கிறார்கள். வெளியே பார்த்தால் பந்தய வண்டி, உள்ளே ஆபீஸ் போகிற வண்டியின் எஞ்சின். ஃபேரிங் என்ற பிளாஸ்டிக் போர்வையைக் கழற்றிவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. உண்மையான ஸ்போர்ட்ஸ் பைக் 600 சிசியில்தான் தொடங்குகிறது. அந்தக் கருத்தின் முழு வடிவம் இதுதான். இத்தனை ஆண்டுகளாக அழுத்தி எதிர்த்துப் பேச ஆளில்லாததால் அது பொது அறிவு போலவே ஆகிவிட்டது.

இதை நான் மறுக்கிறேன். எனக்குப் பிடித்திருக்கிறது, உங்களுக்குப் பிடிக்கவில்லை என்ற அளவில் நின்றுவிடும் விஷயம் இல்லை இது. அந்தக் கருத்து எஞ்சினைப் பற்றித் தவறாகச் சொல்கிறது, காற்றைப் பற்றித் தவறாகச் சொல்கிறது, வளைவைப் பற்றித் தவறாகச் சொல்கிறது, வரலாற்றைப் பற்றி இன்னும் மோசமாகத் தவறாகச் சொல்கிறது.

முதல் தாக்குதல் விலையை வைத்து வந்தது. முதல் ஆர்15-ன் ஷோரூம் விலையே ஒரு லட்சத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதைவிடக் குறைந்த விலைக்கு ஹீரோ ஹோண்டா கரிஸ்மாவில் 223 சிசி கிடைத்தது. ஒரு சிசிக்கு எத்தனை ரூபாய் என்று கணக்குப் போட்டவர்கள், யமஹா ஏமாற்றுகிறது என்று முடிவுகட்டினார்கள். ஆனால் இரண்டு வண்டிகளும் கொடுத்த குதிரைத்திறன் கிட்டத்தட்ட ஒன்றுதான், சுமார் 17. எழுபது சிசிக்கு மேல் குறைவாக வைத்துக்கொண்டு ஒரு எஞ்சின் அதே வேலையைச் செய்கிறது என்றால் எங்கிருந்தோ அது வந்தாக வேண்டும். வாங்குகிறவர் கொடுத்த காசு அந்த 'எங்கிருந்தோ'வுக்குத்தான்.

திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. முறுக்குவிசை பெரும்பாலும் சிலிண்டரின் கொள்ளளவைப் பொறுத்தது. அதைக் கூட்ட வழியில்லாதபோது சுழற்சியைக் கூட்ட வேண்டும். சொல்வது எளிது. சுழற்சி கூடக்கூட, காற்றும் பெட்ரோலும் உள்ளே போகவும் புகை வெளியேறவும் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. சூடு கூடுகிறது. பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும் ஒவ்வொரு முறையும் கனெக்டிங் ராட் தாங்க வேண்டிய விசை, சுழற்சி வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. இந்த நெருக்கடிகள் ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லியிருந்தால்தான் ஒரு சின்ன எஞ்சின் உயர்ந்த சுற்றில் உயிரோடு இருக்கும்.

2008-ல் இந்தியாவில் விற்ற 150 சிசி வண்டிகளில் பெரும்பாலானவை காற்றால் குளிர்பவை. சிலிண்டருக்கு இரண்டு வால்வு, கார்புரேட்டர், ஐந்து கியர். ஆர்15-ல் இருந்தது 149.8 சிசி, நான்கு வால்வு, திரவக் குளிர்விப்பு, ஃப்யூல் இன்ஜெக்‌ஷன், ஆறு கியர். சிலிண்டருக்குள் இரும்பு ஸ்லீவ் கிடையாது; சிலிக்கன் ஏறத்தாழ இருபது சதவீதம் கலந்த அலுமினியத்தை வார்த்து, அந்தப் பரப்பின் மேலேயே பிஸ்டனை ஓடவிட்டிருந்தார்கள். யமஹா அதற்கு வைத்த பெயர் டயாசில். இரும்பைவிட அலுமினியம் சூட்டை வேகமாகக் கடத்தும் என்பதால், இந்த ஒரு முடிவே உயர்ந்த சுற்றில் நீண்ட நேரம் ஓடுவதற்கான இடத்தைத் திறந்துவிடுகிறது. பிஸ்டன் வார்த்ததல்ல, அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன். 17 குதிரைத்திறன் கிடைத்தது 8,500 சுற்றில்.

'ஆபீஸ் போகிற வண்டியின் எஞ்சின்' என்ற வசைக்கு என் பதில் பிஸ்டனின் சராசரி வேகம். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தையும் சுழற்சியையும் வைத்து யாரும் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். நாடு முழுக்க ஆபீஸ் போகும் ஹீரோ ஸ்ப்ளெண்டரின் 97 சிசி எஞ்சினில் ஸ்ட்ரோக் 49.5 மில்லிமீட்டர், அது தன் உச்சத் திறனைத் தரும் 8,000 சுற்றில் பிஸ்டன் நொடிக்குச் சுமார் 13 மீட்டர் போகிறது. ஆர்15-ன் மூன்றாம் பதிப்பில் ஸ்ட்ரோக் 58.7 மில்லிமீட்டர், உச்சத் திறன் 10,000 சுற்றில். பிஸ்டன் வேகம் நொடிக்கு 19.6 மீட்டர். அதே யமஹாவின் 998 சிசி ஆர்1-ல் ஸ்ட்ரோக் 50.9, உச்சத் திறன் 13,500 சுற்றில், 22.9 மீட்டர். இந்த மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆர்15-ன் உள்ளுறுப்புகள் படும் பாடு எந்தப் பக்கத்துக்கு நெருக்கம் என்பதில் சந்தேகம் இருக்க முடியாது. ஸ்ப்ளெண்டரைக் குறைத்துச் சொல்லவில்லை. அது வேறு வேலைக்காகச் செய்யப்பட்ட, அந்த வேலையை மிகச் சிறப்பாகச் செய்கிற எஞ்சின். இரண்டையும் ஒன்றென்று சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

அடுத்து ஃபேரிங். "கழற்றிவிட்டால் ஒன்றுமில்லை" என்பவர்கள், வேகமாகப் போகும் வண்டி எதை எதிர்த்துப் போராடுகிறது என்பதை யோசிப்பதில்லை. நூறு கிலோமீட்டருக்கு மேல் எஞ்சினின் உழைப்பில் பெரும்பகுதியை விழுங்குவது காற்று. காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் முப்படியாக ஏறுகிறது. 100-ல் தேவைப்படுவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் 130-ல் வேண்டும். கையில் 180 குதிரைத்திறன் இருப்பவர் காற்றை முட்டி மோதியே முன்னேறலாம். ஃபேரிங் இல்லாத ஆயிரம் சிசி 'லிட்டர்' வண்டிகள் 200-ஐத் தாண்டுவது அப்படித்தான். பதினேழு மட்டுமே இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் காற்றுக்குக் காட்டும் முகப்பைச் சுருக்கியாக வேண்டும், கண்ணாடிக்குப் பின்னால் தலையைத் தாழ்த்தியாக வேண்டும், முழங்கையை உள்ளே இழுத்தாக வேண்டும். 17 குதிரைத்திறனில் ஏறத்தாழ 130-ஐத் தொட முடிகிறது என்றால், அதில் எஞ்சினுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அந்த பிளாஸ்டிக்குக்கும் உண்டு. ஆகவே அலங்காரம் என்ற வார்த்தை பொருந்தக்கூடுமென்றால் பெரிய வண்டிக்குத்தான் பொருந்தும். சின்ன எஞ்சினுக்கு ஃபேரிங் ஒரு உறுப்பு.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. திறனை இரட்டிப்பாக்கினால் உச்ச வேகம் இரட்டிப்பாகாது, கால்பங்குதான் கூடும். ஓசூரில் டிவிஎஸ் தயாரிக்கும் அப்பாச்சி ஆர்ஆர்310-ஐ எடுத்துக்கொள்வோம். 2017-ல் வந்தபோது 34 குதிரைத்திறன், நிறுவனம் சொன்ன உச்ச வேகம் 160. முதல் ஆர்15-ஐவிடச் சரியாக இரண்டு மடங்கு திறன், வேகத்தில் கிடைத்தது முப்பது கிலோமீட்டர். ஆர்ஆர்310-ஐயும் குறைத்துச் சொல்ல மாட்டேன். எஞ்சினின் தலையைப் பின்னோக்கித் திருப்பி, காற்றை முன்னாலிருந்து உறிஞ்சிப் புகையைப் பின்னால் விடும்படி அமைத்த துணிச்சலான வண்டி அது. சிசியும் குதிரைத்திறனும் ஏறும் அளவுக்கு வேகம் ஏறுவதில்லை என்பதை அந்த வண்டியே நமக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

ஆனால் நேர்ச்சாலையில் எவ்வளவு போகும் என்ற கேள்வியே ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு உரிய கேள்வி இல்லை. மோட்டார் சைக்கிள் பந்தயம் வளைவுகளில்தான் வெல்லப்படுகிறது. வளைவில் ஒரு வண்டி எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதை நிர்ணயிப்பவை வளைவின் ஆரமும், வண்டி எவ்வளவு சாய முடியும் என்பதும், டயருக்கும் தாருக்கும் இடையிலுள்ள பிடிப்பும். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் 40 பாகை சாய்ந்தால் மணிக்கு ஏறத்தாழ 73 கிலோமீட்டர். ஆர்1-க்கும் அதேதான், ஆர்15-க்கும் அதேதான். பள்ளியில் படித்த இயற்பியல் இது. அந்தச் சமன்பாட்டில் சிசி எந்த இடத்தில் வருகிறது? எடைகூட அடிபட்டுப் போய்விடுகிறது.

எடை திரும்ப உள்ளே வருவது வளைவுக்கு முன்னும் பின்னும். அங்கேயும் அது சின்ன வண்டியின் பக்கம்தான் நிற்கிறது. வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்க வேண்டும். 65 கிலோ ஆள் உட்கார்ந்த ஆர்15 சுமார் 207 கிலோ. அதே ஆள் உட்கார்ந்த லிட்டர் வண்டி 265 கிலோவை ஒட்டி இருக்கும். ஒரே வேகத்தில் வரும்போது பெரிய வண்டியின் பிரேக் சூடாக மாற்றித் தீர்க்க வேண்டிய ஆற்றல் கால்பங்குக்கு மேல் அதிகம். இடப்பக்கம் சாய்ந்திருக்கும் வண்டியை வலப்பக்கம் புரட்டிப் போட வேண்டியிருந்தால் அந்த வித்தியாசம் தோளிலேயே தெரியும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் நாற்பது கொண்டை ஊசிகளில் எதிலும் 180 குதிரைத்திறனுக்கு வேலை இல்லை. அந்தச் சாலையைப் பந்தயத் தடமாக்கச் சொல்லவில்லை. பொதுச்சாலையில் பந்தயம் விடுவது குற்றம், பிறர் உயிரோடு விளையாடுவது. சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் ஏறினாலே, எந்த வண்டி கைக்குப் பணிகிறது, எது கையை மீறுகிறது என்று தெரிந்துவிடும்.

ஃபிரேமைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. இங்கேதான் பொதுக்கருத்தின் வரலாற்றுப் பிழை முழுசாக வெளிப்படுகிறது. பெரிய வண்டிக்காகக் கண்டுபிடித்ததை மலிவாக்கிச் சின்ன வண்டிக்குப் போட்டிருக்கிறார்கள் என்று ஆர்15-ன் டெல்டாபாக்ஸ் ஃபிரேமைக் காட்டிச் சொல்கிறார்கள். ஸ்டியரிங் தலையிலிருந்து பின்சக்கரத்தின் ஸ்விங்-ஆர்ம் பூட்டும் இடம் வரை எஞ்சினின் இருபுறமும் தடித்த தோள்கள் நேராகப் போகும் அமைப்பு அது. வளைவில் வண்டி முறுக்கிக்கொள்ளாமல் இருக்கத் தேவையான விறைப்பை அது தருகிறது. இந்த இரட்டைத் தோள் அமைப்புக்கு வழிகாட்டியவர்களில் முதன்மையானவர் ஸ்பெயினின் அந்தோனியோ கோபாஸ். 1980-களின் தொடக்கத்தில் அவர் அதை அமைத்தது 250 சிசி பந்தய வண்டிக்காக. அவர் பெயர் தாங்கிய ஜேஜே கோபாஸ் வண்டியில் அலெக்ஸ் கிரிவியே 1989-ல் உலகப் பட்டம் வென்றது 125 சிசி பிரிவில். யமஹா டெல்டாபாக்ஸைச் சாலைக்குக் கொண்டுவந்த 1985-ம் ஆண்டின் டிஇசட்ஆர்250-யும் 250 சிசிதான். தொடர் உற்பத்திச் சாலை வண்டியில் அலுமினிய ஃபிரேமை முதலில் போட்டது சுசுகி. 1983-ல், ஆர்ஜி250 காமாவில். புகழ்பெற்ற ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 அதற்குப் பிறகு, 1985-ல்தான் வந்தது. எது எதன் பழைய சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டது?

இன்னும் பின்னால் போகலாம். ஹோண்டா என்ற பெயரை ஐரோப்பா முதன்முதலில் பந்தயத்தில் கேட்டது 1959-ல், ஐல் ஆஃப் மேன் தீவில், 125 சிசி பிரிவில். 1961-ல் டாம் ஃபிலிஸ் 125-லும் மைக் ஹெய்ல்வுட் 250-லும் வென்றவைதான் ஹோண்டாவின் முதல் உலகப் பட்டங்கள். சிலிண்டரைச் சின்னதாக்கு, பிஸ்டனை இலேசாக்கு, வால்வைப் பெருக்கு, சுழற்சியை ஏற்று என்ற பாடத்தை அந்த நிறுவனம் கற்றது அங்கே. அந்தப் பாதையின் உச்சத்தில் 1966-ம் ஆண்டின் ஆர்சி116 நிற்கிறது. மொத்தமே 50 சிசி, அதையும் இரண்டு சிலிண்டராகப் பிரித்து, நிமிடத்துக்கு 21,500 சுற்றில் 14 குதிரைத்திறன் எடுத்தார்கள். லிட்டர் கணக்கில் பார்த்தால் 280. அறுபது ஆண்டுகள் ஆகியும் ஷோரூமில் வாங்கக்கூடிய லிட்டர் வண்டிகள் பொதுவாக அந்த எண்ணுக்குக் கீழேதான் நிற்கின்றன. ஆங்ஹெல் நியெத்தோ வென்ற 13 உலகப் பட்டங்களில் ஆறு 50 சிசியில், ஏழு 125 சிசியில். அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. அவர் ஓட்டியவை ஸ்போர்ட்ஸ் பைக் இல்லை என்று சொல்லும் துணிவு யாருக்கு இருக்கிறது? பந்தய வீரர்கள் ரொஸ்ஸி 1997-லும் மார்க்கெஸ் 2010-லும் தங்கள் முதல் பட்டத்தை வாங்கியது 125-ல். இன்றும் உலகப் பந்தயத்தின் முதல் படியான மோட்டோ3-ல் ஓடுவது 250 சிசி ஒற்றைச் சிலிண்டர்.

இனி, ஆர்15-ன் ஒவ்வொரு புதிய பதிப்பையும் 'ஸ்டிக்கர் மாற்றிவிட்டார்கள்' என்று தள்ளுபவர்களிடம் வருகிறேன். 2011-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது குதிரைத்திறன் கூடவில்லை. பின் டயர் 100-லிருந்து 130 ஆனது. 'ஷோவுக்குப் பெரிய டயர்' என்றார்கள். டயரோடு சேர்ந்து என்னென்ன மாறின என்று பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். எஃகு ஸ்விங்-ஆர்முக்குப் பதில் அலுமினியம் வந்தது. இரு சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 1,290 மில்லிமீட்டரிலிருந்து 1,345 ஆனது. முதல் பதிப்பு ஊசி போல் திரும்பும், ஆனால் வேகமான வளைவில் கொஞ்சம் பதற்றப்படும். நீளமும் டயரும் அந்தப் பதற்றத்தைத் தணித்தன. எஞ்சினைத் தொடாமல் வண்டியை மேம்படுத்த முடியும் என்று நம்பாதவர்களுக்குத்தான் அது ஷோவாகத் தெரிந்தது.

மூன்றாம் பதிப்பை விரித்துச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உண்மையான பாய்ச்சல் அங்கேதான். 2017-ல் இந்தோனேசியாவிலும் 2018-ல் இந்தியாவிலும் வந்தது. சிலிண்டரின் அகலம் 57-லிருந்து 58 மில்லிமீட்டர் ஆகி, 155 சிசி ஆனது. அழுத்த விகிதம் 10.4-லிருந்து 11.6 ஆனது. முக்கியமானது வால்வைத் திறக்கும் கேம். உயர்ந்த சுற்றுக்கு ஏற்ற கேமைப் போட்டால் வால்வு அதிக உயரம் திறக்கும், அதிக நேரம் திறந்திருக்கும். அப்போது கீழ்ச் சுற்றில் காற்றோட்டம் தளர்ந்து, ஊருக்குள் வண்டி இழுக்காது. கீழ்ச் சுற்றுக்கு ஏற்றதைப் போட்டால் மேலே மூச்சுத் திணறும். பெரிய எஞ்சின் இந்தச் சிக்கலைக் கொள்ளளவை வைத்தே மறைத்துவிடும். ஆயிரம் சிசி இருந்தால் கேம் எப்படி இருந்தாலும் ஊருக்குள் நகரும். சின்ன எஞ்சினுக்கு மறைப்பதற்கு எதுவும் கிடையாது. அதனால் யமஹா உள்வால்வுகளுக்கு இரண்டு கேம் வைத்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு ராக்கர். கீழ்ச் சுற்றில் தாழ்ந்த கேம் வால்வைத் திறக்கும். உயர்ந்த கேமின் ராக்கர் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். 7,400 சுற்றைத் தொட்டதும் ஒரு சொலினாய்டு சிறிய ஊசியொன்றைத் தள்ளி இரு ராக்கர்களையும் பூட்டிவிடும். அந்தக் கணத்திலிருந்து வால்வை ஆள்வது உயர்ந்த கேம். 10,000 சுற்றில் 19.3 குதிரைத்திறன். சுழற்சி 8,500-லிருந்து 10,000 ஆகும்போது பிஸ்டனின் திசைமாற்ற விசை நாற்பது சதவீதத்தை ஒட்டி ஏறுகிறது. அதைத் தாங்கிக்கொண்டு தினமும் கல்லூரிக்குப் போய்வரும் எஞ்சின் இது. அதே காலத்து ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 தன் 346 சிசியில் தந்தது 20 குதிரைத்திறன். கிளாசிக்கின் 28 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை ஆர்15-ஐவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அது அமைதியாகச் சுமை இழுக்கப் பிறந்தது. ஸ்போர்ட்ஸ் எது என்ற கேள்விக்கு இரு எண்களும் சேர்ந்து பதில் சொல்கின்றன.

அசிஸ்ட் அண்ட் ஸ்லிப்பர் கிளட்சும் அந்தப் பதிப்பில்தான் வந்தது. வளைவுக்கு முன் இரண்டு கியர் சட்டென்று இறக்கினால் எஞ்சின் பின்சக்கரத்தைப் பிடித்து இழுக்கும், சக்கரம் துள்ளும். அந்தப் பின்னிழுப்பை ஸ்லிப்பர் கிளட்ச் கொஞ்சம் நழுவவிட்டுத் தணிக்கிறது. லீவரும் இலேசாகிறது, டிராஃபிக்கில் மாட்டிக்கொள்ளும் விரல்களுக்கு நல்லது.

பிறகு பி.எஸ். 6 மாசு விதி வந்தது, 2020 ஏப்ரலில். 19.3 என்பது 18.6 ஆனது; 2021-ல் வந்த நான்காம் பதிப்பில் 18.4. உடனே 'பின்னோக்கிப் போகிறது' என்ற கூச்சல். குறைந்தது முழுசாக ஒரு குதிரைத்திறன்கூட இல்லை. முப்படிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் உச்ச வேகத்தில் இழப்பு இரண்டு கிலோமீட்டர். அதற்குப் பதிலாகக் கிடைத்தது, நம் பிள்ளைகள் சுவாசிக்கும் தெருவில் குறைந்த நச்சு. அதோடு, குறை சொன்ன பலர் கவனிக்காத ஒன்றும் நடந்தது. மூன்றாம் பதிப்பில் உச்ச முறுக்குவிசை 8,500 சுற்றில் கிடைத்தது. நான்காம் பதிப்பில் அது 7,500-லேயே கிடைக்கிறது. ஆயிரம் சுற்று முன்னதாகவே வண்டி இழுக்கத் தொடங்குகிறது என்று அர்த்தம். விளம்பரத் தாளின் ஒரே ஒரு எண்ணைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறவர்களின் கண்ணுக்கு இது படாது.

பின்சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்க நான்காம் பதிப்பில் வந்த டிராக்‌ஷன் கண்ட்ரோலைத்தான் அதிகம் கேலி செய்கிறார்கள். பதினெட்டு குதிரைக்கு எதற்கு அது என்கிறார்கள். காய்ந்த நேர்ச்சாலையில் தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டயரின் பிடிப்பு ஒரு வரம்புக்கு உட்பட்டது. சாய்ந்திருக்கும்போது அதில் பெரும்பகுதியை வளைவே எடுத்துக்கொள்கிறது. மிச்சமிருப்பது கொஞ்சம். மழையில் நனைந்த வெள்ளைக்கோட்டின் மேலோ, லாரி சிந்திய மணலின் மேலோ அந்தக் கொஞ்சமும் பாதியாகிறது. அந்த நேரத்தில் பின்சக்கரத்தைச் சுழலவிட இரண்டாம் கியரில் பதினெட்டு குதிரைத்திறன் தாராளம். வண்டியை வாங்குகிறவர்களில் பலர் இருபதைச் சுற்றிய வயதினர். அவர்களைக் காப்பாற்றும் ஒரு சாதனத்தைக் கேலி செய்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கியபோதும் இதே குரல்கள்தான் 'தேவையா' என்று கேட்டன. கிளட்சைப் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் குவிக்‌ஷிஃப்டர் மட்டும் சாலையில் ஓட்டுகிறவர்களில் பலருக்கு இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது; அதில் எதிர்த்தரப்போடு எனக்குச் சண்டையில்லை.

ஆர்15-ஐச் சின்ன எஞ்சின் என்று ஒதுக்குகிற அதே வாய்கள்தான் ஆர்எக்ஸ்100 பெயரைச் சொன்னால் உருகுகின்றன. 98 சிசி, 11 குதிரைத்திறன். உருகுவதில் தவறில்லை, 1985-ல் வந்த அந்த வண்டி அதன் காலத்துக்கு அற்புதம். இலேசான உடல், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடிக்கும் டூ-ஸ்ட்ரோக், கையைத் திருகியதும் முன்சக்கரத்தைத் தூக்கும் துடிப்பு. அதற்குச் சிசி கேட்காதவர்கள் இதற்கு மட்டும் ஏன் கேட்கிறார்கள்? இரண்டு வண்டிகளும் ஒரே கொள்கையில்தான் நிற்கின்றன: குறைவான எடை, சின்னக் கொள்ளளவிலிருந்து பிழிந்தெடுத்த திறன். ஆர்எக்ஸ்100 தன் திறனுக்கு விலையாகக் கொடுத்தது புகை. அந்த வழி அடைபட்ட பிறகு, நான்கு ஸ்ட்ரோக்கில், மாசு விதிகளுக்கு உட்பட்டு, அதே துடிப்பைத் திரும்ப வரவழைத்ததைச் சிறிய சாதனை என்று என்னால் நினைக்க முடியாது.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாற்கரச் சாலையில் நூறில் போய்க்கொண்டிருக்கும்போது ஆம்னி பஸ் ஒன்றைத் தாண்ட ஆர்15-ல் இரண்டு கியர் இறக்க வேண்டும். பெரிய வண்டியில் கையைத் திருகினால் போதும். சென்னையிலிருந்து மதுரைக்கு அடிக்கடி போகிறவர் வேறு வண்டி பார்ப்பதே சரி. இரண்டாம் பதிப்பிலிருந்து பின்சீட் மலையுச்சி போல் ஏறிவிட்டது. மனைவியையோ அம்மாவையோ அதில் ஏற்றிக்கொண்டு போவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். குனிந்து ஓட்டும் அமைப்பு ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். விலையும் அப்படித்தான்: ஒரு லட்சத்துக்குள் தொடங்கிய வண்டி நான்காம் பதிப்பில் ஷோரூம் விலையே ஒன்றே முக்கால் லட்சத்தை நெருங்கியது. இவை எல்லாம் உண்மையான குறைகள். இவற்றை வைத்துச் சண்டை போட்டால் நானும் கூட நிற்பேன்.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு; அது வண்டியில் இல்லை. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடம் இருக்கிறது. கோயம்புத்தூரில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. ஆர்15 மட்டுமே ஓடும் பந்தயங்களை யமஹா இருங்காட்டுக்கோட்டையில் நடத்தியிருக்கிறது. எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்பதால் அங்கே முன்னால் வந்தவர் பிரேக்கைத் தாமதமாகப் பிடிக்கத் தெரிந்தவர், வளைவுக்குள் வேகத்தைக் காப்பாற்றத் தெரிந்தவர். ஆனால் இந்த வண்டியைக் கடனில் வாங்கி மாதாமாதம் தவணை கட்டும் திருநெல்வேலிப் பையனுக்கோ சேலத்துப் பையனுக்கோ அந்தத் தடங்களுக்கு வரும் வழியும் தெரியாது, வந்தால் ஆகும் செலவும் கட்டுப்படியாகாது. ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் அவன் சர்வீஸ் ரோட்டில் கற்றுக்கொள்கிறான். 150 சிசி வேஷம் என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் அந்தக் கோபத்தை இங்கே திருப்பட்டும். மாவட்டத்துக்கு ஒரு பயிற்சித் தடம் கேட்கட்டும், வண்டி விற்கும் நிறுவனங்கள் விற்பனையோடு ஒரு நாள் பயிற்சியையும் சேர்த்துத் தர வேண்டும் என்று கேட்கட்டும்.